ராட், கிரே, ரெம், சீவெர்ட்: எதை எதற்கு மாற்றலாம், எதை எதனோடு ஒப்பிடக்கூடாது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். செம்பனை ஆலையின் பாய்லர், ஸ்டெரிலைசர் வெல்டிங்கைக் கதிர்ப்படம் எடுக்க வரும் காண்டிராக்டரிடம் உங்கள் தம்பி உதவியாளாக வேலை செய்கிறார். அவர் கையில் இருக்கும் மீட்டர் மணிக்கு இத்தனை மில்லிராண்ட்ஜன் என்று காட்டுகிறது. அவர் வாங்கும் கதிரை அளக்க உடையில் குத்தியிருக்கும் பேட்ஜின் அறிக்கையோ மில்லிசீவெர்ட்டில் வருகிறது, போன மாதம் 0.35. அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்காகக் கோலாலம்பூரில் 60 கிரே கொடுத்திருக்கிறார்கள். 1980களில் அம்மாவுக்கு மார்பில் கொடுத்த சிகிச்சையின் அட்டையில் 5000 ராட் என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தீர்கள். தம்பிக்கு ஓர் ஆண்டுக்கு அனுமதித்த 20 மில்லிசீவெர்ட்டைப் போல 3000 மடங்கு அப்பாவுக்குக் கொடுத்திருப்பதாக வருகிறது. கணக்கு தப்பா, சிகிச்சை தப்பா என்பது உங்கள் கேள்வி.

பெருக்கல் வகுத்தலில் தப்பில்லை. இந்த எண்களை வைத்துச் சிகிச்சையைக் குறை சொல்லவும் இடமில்லை. தப்பு நடந்தது இரண்டுக்கும் நடுவில், 60 கிரேயை 60,000 மில்லிசீவெர்ட் என்று எழுதிய இடத்தில். அந்த ஒரு படியை எடுத்துவிட்டால் 3000 மடங்கு என்ற பயமே எழாது. மருத்துவக் கதிர்வீச்சிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பிலும் வேலை செய்கிறவர்கள் தினமும் இந்த அலகுகளோடுதான் இருக்கிறார்கள். அவர்களிடையேகூட இந்தப் படியில் சறுக்கல் நடப்பதுண்டு. அதனால் எது உறுதி, எது தோராயம், எது மாற்றவே முடியாதது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. ஒரு பொருள் கதிர்வீச்சிலிருந்து எவ்வளவு ஆற்றலை உறிஞ்சியது என்பதுதான் உறிஞ்சிய டோஸ். ஒரு கிலோகிராமுக்கு ஒரு ஜூல் உறிஞ்சினால் அது 1 கிரே. ராட் 1953இல் வந்த பழைய அலகு. ஒரு கிராமுக்கு 100 எர்க், எர்க் என்பது ஆற்றலின் பழைய அலகு. ஒரு ஜூலில் ஒரு கோடி எர்க், ஒரு கிலோவில் 1000 கிராம். ஆகவே ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் என்பது ஒரு கிராமுக்கு 10,000 எர்க், அதாவது 100 ராட். இது அளந்து கண்டுபிடித்த எண் இல்லை, வரையறையிலிருந்து நேராக வருவது. அதனால் 1 கிரே = 100 ராட் என்பதில் ஒரு துளி பிசகும் கிடையாது. 1975இல் கிரே உலக அலகு முறையில் சேர்ந்தபோது, பழைய ராட் எண்களுக்குப் பழகியிருந்த கதிர்சிகிச்சைப் பிரிவுகள் சென்டிகிரேயைப் பிடித்துக்கொண்டன. 1 சென்டிகிரே சரியாக 1 ராட். அம்மாவின் அட்டையில் உள்ள 5000 ராட்டை 5000 சென்டிகிரே என்றும் எழுதலாம், 50 கிரே என்றும் எழுதலாம். மூன்றும் ஒன்றே.

ரெம்மும் சீவெர்ட்டும், உறிஞ்சிய ஆற்றலோடு உடலுக்கு வரக்கூடிய பாதிப்பையும் கணக்கில் எடுக்கும் அலகுகள்; ரெம் பழையது, சீவெர்ட் புதியது. இரண்டுக்கும் உள்ள உறவும் அதே 100தான். 1 சீவெர்ட் = 100 ரெம். ஆனால் தம்பியின் வேலையில் முழு சீவெர்ட்டோ முழு ரெம்மோ வராது, மில்லியும் மைக்ரோவும்தான் வரும். தப்பும் அங்கேதான் நடக்கிறது. 1 மில்லிரெம் என்பது 10 மைக்ரோசீவெர்ட். 1 ரெம் என்பது 10 மில்லிசீவெர்ட். மில்லிரெம்மை மில்லிசீவெர்ட்டாக்க 100ஆல் வகுக்க வேண்டும், மைக்ரோசீவெர்ட்டாக்க 10ஆல் பெருக்க வேண்டும். ஒன்றில் வகுத்தல், ஒன்றில் பெருக்கல் என்பதால் அவசரத்தில் இரண்டும் கலந்துவிடும். தம்பியின் 0.35 மில்லிசீவெர்ட் என்பது 350 மைக்ரோசீவெர்ட், அதாவது 35 மில்லிரெம். இதை யாராவது பழைய படிவத்தில் '35' என்று மட்டும் குறித்து, அடுத்தவர் அதை மில்லிசீவெர்ட் என்று படித்தால், ஓர் ஆண்டு வரம்பை ஒரே மாதத்தில் தாண்டியதாகத் தெரியும். அலகை எழுதாத எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

ஆங்கிலச் சுருக்கத்தில் பெரிய எம், சின்ன எம் விஷயமும் இதைப் போன்றதுதான். சின்ன எம் மில்லி, பெரிய எம் மெகா. நம் ரப்பர் பாலில் செய்த அறுவைசிகிச்சைக் கையுறைகளைக் காமாக் கதிரில் கிருமிநீக்கம் செய்யும்போது வழக்கமாகக் கொடுக்கும் அளவு 25 கிலோகிரே. பழைய தாள்களில் அதுவே 2.5 மெகாராட். அதை 2.5 மில்லிராட் என்று படித்தால் நூறு கோடி மடங்கு பிசகு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 25 கிலோகிரே என்பது கிலோவுக்கு 25,000 ஜூல். தண்ணீராக இருந்தால் சுமார் 6 டிகிரி சூடேறும், அவ்வளவுதான். கையுறை அதனால் கதிரியக்கப் பொருளாக மாறிவிடுவதில்லை. அதே அலகில் 4 கிரேயை ஒரு மனிதரின் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் வாங்கினால், உடல் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும், ஆனால் உரிய மருத்துவம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். கிரே ஆற்றலை மட்டும் சொல்கிறது. அந்த ஆற்றல் உயிருள்ள திசுவில் என்ன செய்யும் என்பதைச் சொல்வது அதன் வேலை இல்லை.

இப்போது தம்பியின் மீட்டருக்கு வருவோம். ராண்ட்ஜன் உறிஞ்சிய டோஸுக்கான அலகே இல்லை. எக்ஸ்ரேயோ காமாவோ காற்றில் எவ்வளவு மின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்பதை அது சொல்கிறது. 1 ராண்ட்ஜன் என்றால் ஒரு கிலோ காற்றில் 0.000258 கூலும். காற்றில் ஒரு கூலும் மின்னூட்டத்தை உண்டாக்க ஏறக்குறைய 33.97 ஜூல் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 0.00876 கிரே, அதாவது 0.876 ராட். இது காற்று உறிஞ்சியது. அதே இடத்தில் காற்றுக்குப் பதிலாகத் தசை இருந்தால், இரிடியம்-192, சீசியம்-137, கோபால்ட்-60 போன்றவற்றின் காமாவில் அது காற்றைவிடப் பத்து விழுக்காடு போலக் கூடுதலாக உறிஞ்சும், சுமார் 0.96 ராட் வரும். அதனால்தான் காமா வேலையில் 1 ராண்ட்ஜன், 1 ராட், 1 ரெம் மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். மணிக்கு 1 மில்லிராண்ட்ஜன் என்பதை மணிக்கு 10 மைக்ரோசீவெர்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். இது தோராயம், ஆனால் நல்ல தோராயம். சீசியம்-137 காமாவுக்கு, இன்றைய மீட்டர்கள் காட்டும் சூழல் டோஸ் கணக்கில் 1 ராண்ட்ஜன் 10.5 மில்லிசீவெர்ட்டுக்குப் பக்கத்தில் வரும். கையில் பிடிக்கும் மீட்டரின் சொந்தப் பிழையே 10, 20 விழுக்காடு இருக்கலாம் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்தத் தோராயம் செல்லுபடியாகாத இடங்களும் உண்டு. மருத்துவமனை எக்ஸ்ரே போன்ற குறைந்த ஆற்றலில் எலும்பு உறிஞ்சுவது தசையைவிடப் பல மடங்கு கூடும். அங்கே ஒரு ராண்ட்ஜனுக்கு ஒரு ராட் என்பது எலும்புக்குப் பொருந்தாது. நியூட்ரானுக்கும் ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் ராண்ட்ஜனே பொருந்தாது, அது எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் மட்டும் வகுத்த அலகு. நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்று காட்டும் மீட்டரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதை மைக்ரோசீவெர்ட்டாக மாற்றப் பொதுவான சூத்திரம் எதுவும் கிடையாது. மீட்டருக்குள் இருப்பது எந்தக் குழாய், எந்தக் கதிரியக்கப் பொருளைக் கொண்டு கலிபரேஷன் (அளவைச் சரிபார்த்தல்) செய்தார்கள் என்று தெரிந்தால் அந்த மீட்டருக்கு மட்டும் ஒரு எண் சொல்லலாம். இணையத்தில் கிடைக்கும் எண்ணை வேறொரு மீட்டருக்குப் போடக்கூடாது.

மீட்டரைப் படிப்பதையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாற்றுக் கணக்கைவிட இங்கேதான் பிழை அதிகம். முள் மீட்டராக இருந்தால் முதலில் வீச்சை மாற்றும் திருகு குமிழைப் பேட்டரி சோதனைக்குத் திருப்பி, முள் குறித்த இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கலிபரேஷன் ஸ்டிக்கரில் தேதியைப் பார்க்க வேண்டும். சான்றிதழில் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு திருத்தக் காரணி இருக்கும், அதால் பெருக்கினால்தான் உண்மையான எண். குமிழ் 1, 10, 100 என்று எதில் நிற்கிறது என்று பார்த்த பிறகே முள்ளைப் படிக்க வேண்டும். முள் 1.5இல், குமிழ் 10இல் இருந்தால் மணிக்கு 15 மில்லிராண்ட்ஜன், அதாவது மணிக்கு 150 மைக்ரோசீவெர்ட். இது வீதம். மோட்டார் சைக்கிளின் வேகமானியைப் போல, அந்த நொடியில் எவ்வளவு வேகமாகச் சேருகிறது என்பதை மட்டுமே காட்டும். மொத்தம் வேண்டுமென்றால் நேரத்தால் பெருக்க வேண்டும். அந்த இடத்தில் 4 நிமிடம் நின்றால் 150ஐ 60ஆல் வகுத்து 4ஆல் பெருக்கி, 10 மைக்ரோசீவெர்ட். தம்பியின் மாத அறிக்கையில் உள்ள 350 மைக்ரோசீவெர்ட், இப்படி 35 முறை நின்றதற்குச் சமம். இரண்டு எண்களும் ஒரே அளவில் வருவதைப் பாருங்கள். ஒன்று நூறிலும் இன்னொன்று பத்தாயிரத்திலும் வந்தால் எங்கோ யாரோ அலகைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கதிர்மூலத்தை, அதாவது கதிர்ப்படம் எடுக்கப் பயன்படும் கதிரியக்கப் பொருளைக் கொண்டும் சரிபார்க்கலாம். அதன் வலிமையைப் பழைய அலகில் கியூரியிலும் புதிய அலகில் பெக்கரலிலும் சொல்வார்கள். இரிடியம்-192இல் ஒரு கியூரிக்கு 1 மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறக்குறைய 0.48 ராண்ட்ஜன், புதிய அலகில் ஒரு கிகாபெக்கரலுக்கு மணிக்கு 0.13 மில்லிசீவெர்ட். ஒரு கியூரி 37 கிகாபெக்கரல். 30 கியூரி மூலம் வெளியே வந்து தடுப்பின்றி நின்றால் 1 மீட்டரில் மணிக்கு 14.4 ராண்ட்ஜன், அல்லது 144 மில்லிசீவெர்ட். இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது. தூரம் இரட்டித்தால் கால்வாசியாகும். 10 மீட்டரில் மணிக்கு 1.44 மில்லிசீவெர்ட். 30 மீட்டரில் மணிக்கு 160 மைக்ரோசீவெர்ட், தம்பியின் கருவி மணிக்கு 16 மில்லிராண்ட்ஜன் என்று காட்டும். கதிரை ஒரு திசைக்கு மட்டும் விடும் காலிமேட்டர் போட்டால், ஆலைச் சுவரோ கொதிகலனின் இரும்போ நடுவில் இருந்தால் இன்னும் குறையும். மூலத்தின் வலிமையும் நாளுக்கு நாள் இறங்கும்: 74 நாளில் பாதி, 148 நாளில் கால். போன ஆண்டின் தாளில் உள்ள கியூரியை வைத்து இன்றைக்குக் கணக்குப் போடக்கூடாது.

இதே கணக்கைக் கிட்டத்தில் போட்டால் எண் பயங்கரமாகிறது. 1 சென்டிமீட்டரில், 1 மீட்டரில் உள்ளதைப் போல 10,000 மடங்கு. நொடிக்கு ஏறக்குறைய 0.4 கிரே விரலுக்கு. அரை நிமிடத்தில் 12 கிரே. தோல் வெந்து புண்ணாகலாம், இன்னும் நேரம் கூடினால் விரலை எடுக்க வேண்டிய நிலைவரை போகலாம். உலகத்தில் நடந்த கதிர்ப்பட விபத்துகளில் பல, மூலம் பெட்டிக்குள் திரும்பாமல் குழாயில் நின்றுவிட்டதையோ கழன்று விழுந்ததையோ மீட்டர் வைத்துப் பார்க்காததால் நடந்தவை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், மூலத்தைப் பெட்டிக்குள் இழுக்கும் கிராங்கைச் சுற்றி முடித்ததும், மீட்டரைக் கையில் பிடித்துத் தூரத்திலிருந்தே பார்த்தபடி பெட்டிவரை வர வேண்டும். பக்கத்தில் போன பிறகு மீட்டரைப் போடக்கூடாது. அதற்கு ஒரு காரணம் உண்டு: சில பழைய கைகர் மீட்டர்கள் மிக வலுவான கதிரில் திணறி, முள் மேலே போகாமல் சுழிக்கே இறங்கிவிடும். அந்தச் சுழியை எந்த அலகுக்கு மாற்றினாலும் சுழிதான், உண்மையில் அங்கே உயிருக்கே ஆபத்து இருக்கும். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் தம்பியிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லச் சொல்வேன்.

பேட்ஜ் அறிக்கையில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கான டோஸ், உடல் முழுவதற்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். இன்னொன்று 0.07 மில்லிமீட்டர் ஆழத்துக்கானது, அது தோலுக்கு. மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் 2010இல் வந்த அடிப்படைப் பாதுகாப்பு விதிகளின்படி, கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு உடல் முழுவதற்கும் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவெர்ட். தோலுக்கும் கைகால்களுக்கும் தொழிலாளிக்கு 500 மில்லிசீவெர்ட். தம்பிக்கு மாதம் 0.35 என்று ஆண்டு முழுவதும் வந்தால் 4.2 மில்லிசீவெர்ட். வரம்புக்கு நன்றாகக் கீழே. ஆனாலும் வரம்புக்குக் கீழே என்பது போதாது, முடிந்த அளவு குறைப்பதுதான் விதியின் நோக்கம். ஒரு மாதம் 0.1, மறு மாதம் 1.5 என்று தாவினால் ஏன் என்று கேட்க வேண்டும். பேட்ஜ் மார்பில் குத்தாமல் டூல்பாக்ஸில் கிடந்ததா, மூலப் பெட்டிக்குப் பக்கத்தில் வேனில் தொங்கியதா, வேறொருவர் போட்டுக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். பேட்ஜ் எங்கே இருந்ததோ அந்த இடத்தின் டோஸைத்தான் அது சொல்லும், ஆளின் டோஸை இல்லை. எண் சரியாக இருந்தும் அது தம்பியைப் பற்றிய எண்ணாக இல்லாமல் போகலாம். கையில் மூலத்தின் குழாயைத் தொடும் வேலை இருந்தால் மார்புப் பேட்ஜ் விரல் வாங்கியதைக் காட்டாது.

இனி கிரேயிலிருந்து சீவெர்ட்டுக்கு. உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு உறுப்பு உறிஞ்சிய கிரேயைக் கதிரின் வகைக்கான காரணியால் பெருக்கினால் அந்த உறுப்பின் சமான டோஸ் சீவெர்ட்டில் வரும். காமா, எக்ஸ்ரே, எலெக்ட்ரான் ஆகியவற்றுக்கு அந்தக் காரணி 1, புரோட்டானுக்கு 2, ஆல்பாவுக்கு 20. நியூட்ரானுக்கு ஆற்றலைப் பொறுத்து 2.5இலிருந்து ஏறக்குறைய 20 வரை. காமாவுக்கு 1 என்பதால் 1 கிரே = 1 சீவெர்ட் என்று எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் இதோடு முடியவில்லை. உடல் முழுவதற்குமான பயனுறு டோஸுக்கு ஒவ்வொரு உறுப்பின் டோஸையும் அந்த உறுப்பின் காரணியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை, மார்பகம் ஒவ்வொன்றுக்கும் 0.12, தைராய்டு, கல்லீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஒவ்வொன்றுக்கும் 0.04, தோல், மூளை, எலும்பின் மேற்பரப்பு, உமிழ்நீர்ச் சுரப்பி ஒவ்வொன்றுக்கும் 0.01 மட்டும். இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு 0.08, மற்ற உறுப்புகளுக்குச் சேர்த்து 0.12. எல்லாம் கூடினால் சரியாக 1. தம்பிக்கு உள்ள 20 மில்லிசீவெர்ட் வரம்பு இந்தக் கணக்கில் உள்ளது, உடல் முழுவதும் ஒரே சீராகக் கதிர் பட்டால் எவ்வளவு என்ற பொருளில்.

அப்பாவின் 60 கிரே அப்படி இல்லை. அது தொண்டையில் கட்டியும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் மட்டும் வாங்கியது. அந்தப் பகுதி 300 கிராம் என்று வைத்துக்கொண்டால் 60 கிரே என்பது 18 ஜூல். முன்னே சொன்ன 4 கிரேயை 70 கிலோ உடம்பு முழுவதும் வாங்கினால் 280 ஜூல். 60 பெரிய எண், 4 சின்ன எண், ஆனால் உடம்பில் இறங்கிய மொத்த ஆற்றல் தலைகீழ். மேலும் 60 கிரேயை ஒரே நாளில் கொடுப்பதில்லை. வழக்கமான முறையில் நாளுக்கு 2 கிரே வீதம் 30 நாள், வாரத்துக்கு ஐந்து நாள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ளும், புற்றுச் செல்லுக்கு அந்தத் திறன் குறைவு. அந்த வித்தியாசத்தில்தான் சிகிச்சையே நிற்கிறது. சீவெர்ட் என்பது குறைந்த டோஸில், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பை மக்கள்தொகை அளவில் கட்டுப்படுத்த வகுத்த அளவு. திசுவை வேண்டுமென்றே அழிக்கும் டோஸுக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது, அந்த இடத்தில் கிரேதான். அதனால் அப்பாவின் 60ஐயும் தம்பியின் 20ஐயும் ஒரே வரியில் வைக்க முடியாது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் 3000க்கு எந்தப் பொருளும் இல்லை.

கிரேயையும் கிரேயையும் ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். அம்மாவின் 5000 ராட் 50 கிரே. இன்று மார்பகப் புற்றுக்குப் பல இடங்களில் 40 கிரேயை 15 தடவையாகக் கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து இப்போது குறைத்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஒரு தடவைக்கு 2.67 கிரே என்பதால் ஒவ்வொரு தடவையின் தாக்கமும் கூடும். நாளுக்கு 2 கிரே கொடுத்திருந்தால் எவ்வளவுக்குச் சமம் என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு: மொத்த டோஸை, தடவை டோஸோடு திசுவின் எண்ணைக் கூட்டியதால் பெருக்கி, 2உடன் அதே எண்ணைக் கூட்டியதால் வகுக்க வேண்டும். கட்டிகளுக்கு வழக்கமாக எடுக்கும் 10ஐப் போட்டால் 42.2 கிரே, மெதுவாகப் பாதிக்கப்படும் நல்ல திசுவுக்கான 3ஐப் போட்டால் 45.3 கிரே. ஒரே சிகிச்சைக்கு இரண்டு விடை, இரண்டும் சரி, ஏனென்றால் கேள்வி வேறு. அந்த 10, 3 என்ற எண்கள் ஆய்வுகளிலிருந்து மதிப்பிட்டவை, திசுவுக்குத் திசு மாறுபவை. கிரேக்கும் ராட்டுக்கும் உள்ள 100ஐப் போல உறுதியானவை அல்ல. இந்தக் கணக்கை வீட்டில் போட்டுச் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது.

அம்மாவின் அட்டையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அட்டைகளில் சிலவற்றில் கட்டிக்குச் சேர்ந்த டோஸை எழுதினார்கள், சிலவற்றில் தோலுக்குச் சற்றுக் கீழே உச்சமாக விழும் டோஸை எழுதினார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆழம் போகப் போக டோஸ் குறையும். இன்னும் பழைய எக்ஸ்ரே சிகிச்சைகளில் ராட் இல்லாமல் ராண்ட்ஜனையே எழுதியிருப்பார்கள், அதைக் கிரேயாக்க எக்ஸ்ரேயின் ஆற்றல் தெரிய வேண்டும். அட்டையில் 'கோபால்ட்' என்றோ, இத்தனை கிலோவோல்ட் என்றோ இருந்தால் அது 5000 என்ற எண்ணைப் போலவே முக்கியம். வெறும் எண்ணை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது, நேரில் அட்டையைப் பார்க்கும் மருத்துவ இயற்பியலாளர்தான் சொல்ல முடியும்.

சிடி ஸ்கேன் அறிக்கை கையில் இருந்தால் அதையும் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் வரும் மில்லிகிரே, அக்ரிலிக் உருளையில் அளந்த அளவு, உங்கள் உடம்பில் அளந்தது இல்லை. மில்லிகிரே பெருக்கல் சென்டிமீட்டர் என்று இன்னொரு எண் இருக்கும். பெரியவர்களின் நெஞ்சு ஸ்கேனுக்கு அதை 0.014ஆல், தலைக்கு 0.0021ஆல் பெருக்கினால் தோராயமான பயனுறு டோஸ் மில்லிசீவெர்ட்டில் வரும். நெஞ்சில் 400 என்றால் 5.6 மில்லிசீவெர்ட். குழந்தைக்கு இந்த எண்களைப் போடக்கூடாது. இரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ போன்றவற்றில் பரப்போடு பெருக்கிய டோஸ் வரும். அங்கே 1 கிரே சதுர சென்டிமீட்டர் என்பது 100 மைக்ரோகிரே சதுர மீட்டர். ஒரே அறையின் இரண்டு இயந்திரங்கள் இரண்டு விதமாக எழுதுவதுண்டு.

பேராக்கில் வெள்ளீயம் தோண்டிய பக்கம் என்பதால், வெள்ளீயத்தைப் பிரித்த பிறகு எஞ்சும் அமாங் மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் மோனசைட் என்ற தாது இருக்கும், மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம். குவியலுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடித்தால் காமாவைக் காட்டும், அதை மேலே சொன்னபடி மாற்றலாம். தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் ஆல்பா வேலை செய்யும். அங்கே காரணி 20, மீட்டர் அதைக் காட்டவே காட்டாது. மீட்டரின் எண்ணை 20ஆல் பெருக்கிச் சிலர் விடை சொல்கிறார்கள். அது தவறு. உள்ளே போன தூசியின் அளவை வேறு வழியில் அளக்காமல் அந்தக் கணக்குத் தொடங்கவே முடியாது.

தம்பிக்குச் செய்ய வேண்டியது இவ்வளவு. தன் பெயரில் தனி பேட்ஜ் இருக்கிறதா, அறிக்கை ஒவ்வொரு மாதமும் கைக்கு வருகிறதா என்று கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்கட்டும். தன் டோஸைத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை, யாரும் செய்யும் சலுகை இல்லை. வேலை மாறினால் பழைய டோஸ் பதிவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும், ஆண்டு வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி புதிதாகத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு வேலை நாளும் மீட்டரில் பார்த்த உச்ச எண்ணையும், அலகையும், குமிழ் நின்ற வீச்சையும், நின்ற நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் குறித்தால் மாதக் கடைசியில் பேட்ஜோடு ஒத்துப்பார்க்கலாம். நோட்டுக் கணக்கும் பேட்ஜும் இரண்டு மூன்று மடங்குக்குள் ஒத்துவந்தால் சரி, பத்து மடங்கு விலகினால் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அம்மாவின் அட்டையை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் பிடித்து வைத்துவிடுங்கள். பின்னாளில் அதே பகுதிக்கு மறுபடி கதிர்சிகிச்சை தேவைப்பட்டால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்: மொத்தம் எவ்வளவு, எத்தனை தடவை, எந்த இயந்திரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை.